பாதிப் பெடல்

இருபத்திரண்டு மில்லிமீட்டர். இன்னொரு தடவை அளந்தாலும் அதுதான் வரப்போகிறது, வெர்னியருக்கு என் மேல் என்ன விரோதம், ஆனாலும் அளக்கிறேன், இருபத்திரண்டு. நேற்று நானாக உட்கார்ந்து யோசித்து, பேப்பரில் படம் போட்டு, கோடு கிழித்து எழுதிய அதே இருபத்திரண்டு. ஆக்சிலேட்டர் கம்பியில் சிவப்புப் பெயின்டைச் சுரண்டினேன், அதற்கடியில் பச்சை இருந்தது, அதையும் சுரண்டினேன், வெறும் இரும்பு வந்தது, இரும்பில் மிளகு அளவுக்கு ஒரு குழி. யாரோ ஒரு திருகை வைத்து இறுக்கிய குழி. யாரோ என்ன யாரோ, கோ-கார்ட் என்கிற இந்தக் குட்டிப் பந்தய வண்டியை ஒவ்வொரு பைப்பாக வளைத்துப் பற்றவைத்துச் செய்தவர் ஒரே ஒருவர்தான், என் அப்பா நாச்சிமுத்து, கணபதியில் கடைசல் பட்டறை வைத்திருந்தவர், அவர் கை படாத திருகு இதில் கிடையாது. மேலே ஆடிக் காற்றில் தகர ஷீட் படபடவென்று அடிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை, மணி பதினொன்று ஆகப்போகிறது, நாலு மணிக்கு என் மகள் வர்ணிகா இந்த வண்டியில் முதல்முறையாக உட்காரப் போகிறாள். ஆடியில் கல்யாணம் கிடையாது என்பதால் சரவணம்பட்டிப் பக்கம் ஒரு மண்டபத்துக்காரர் தன்னுடைய பார்க்கிங்கை ஒரு சாயங்காலத்துக்குச் சும்மாவே கொடுத்திருக்கிறார். மூன்று மாதமாக இந்தத் தகரக் கொட்டகையில் நான் துரு சுரண்டியது, எஞ்சினைப் பிரித்து போர் போட்டு ரிங் மாற்றியது, வேலைக்குப் போய்வந்த களைப்போடு செயினுக்கு அலைந்தது எல்லாம் இன்றைக்காகத்தான். இன்றைக்கென்று பார்த்து இந்தக் குழி என் கண்ணில் படுகிறது. நேற்றே பட்டிருந்தால் நான் அந்தக் காலரைக் கடைந்திருக்கவே மாட்டேன். கடைந்திருப்பேனா. தெரியவில்லை. அதுதான் இன்னும் ஆத்திரமாக இருக்கிறது.

காலர் மேசை மேல் உட்கார்ந்திருக்கிறது, ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் சின்ன இரும்பு வளையம், பக்கவாட்டில் ஒரு சின்னத் திருகு. பெடலிலிருந்து பின்னால் போகும் கம்பி பெடலுக்கடியிலேயே ஒரு பிளேட்டின் ஓட்டை வழியாகப் போகும். கம்பியில் இந்த வளையத்தை மாட்டி இறுக்கிவிட்டால், பெடலை மிதிக்கும்போது வளையம் வந்து பிளேட்டில் முட்டும், அதற்கு மேல் கம்பி நகராது, வண்டி பாதி வேகத்தைத் தாண்டாது. பிளேட்டுக்கும் வளையத்துக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளிதான் அந்த இருபத்திரண்டு. பத்து வயதுக் குழந்தைக்கு அது போதும் என்று நான்தான் முடிவு செய்தேன். என் வீட்டுக்காரர்கூட கேட்கவில்லை, அவர் ஹெல்மெட் வாங்கிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார். நானாகத்தான் நேற்று கம்பெனியில் ஷிஃப்ட் முடிந்ததும் லேத்தில் நின்று கடைந்தேன், ஓரமெல்லாம் மழித்தேன், கையில் வைத்து அழகு பார்த்தேன். பம்ப் கம்பெனியில் இருபது வருஷமாக அடுத்தவர் செய்த உருப்படிகளுக்குக் கேஜ் வைத்துப் பார்த்து இது தேறும், இது தேறாது என்று பிரித்துப் போடுகிறவள், என் கையால் ஒன்று செய்தால் அது தேறாமல் போகுமா என்று ஒரு திமிர் வேறு. இப்போது அதைக் கம்பியில் நுழைத்து, குழிக்கு நேராக வைத்து, லேசாக இறுக்கி, பெடலைக் கையால் அமுக்கினேன். டக். கையால் அமுக்கியதுதான், ஆனால் அந்த டக் என் வலது பாதத்தில் கேட்டது. காதில் இல்லை, பாதத்தில், பெருவிரலுக்கும் கீழே, தடித்த சதை இருக்கிறதே அங்கே. எனக்கு நாற்பத்தேழு வயது. அந்த இடம் பதினொரு வயதிலிருந்து அப்படியே உட்கார்ந்துகொண்டிருக்கிறது. கழற்றிவிட்டு அமுக்கினேன், டக் இல்லை, பெடல் பாட்டுக்குக் கீழே போய் அடித்தரையைத் தொட்டது. மறுபடி மாட்டினேன். டக்.

அந்தச் சத்தத்தைத்தான் நான் அந்த வயதில் வண்டியின் அடித்தரை என்று நினைத்தேன். அதுதான் நடந்தது, அதை நான் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும், கோபத்தில் ஒன்றைத் தொட்டு ஒன்றுக்குத் தாவக்கூடாது. புது ரிங் போட்ட எஞ்சினை முதல் முக்கால் மணி நேரம் மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும், அடித்து ஓட்டினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், இது யாருக்கும் தெரிந்த சங்கதி. அந்த மெதுவாக ஓட்டுகிற வேலை அப்போது என்னுடையது. சிங்காநல்லூர்ப் பக்கம் பூட்டிக் கிடந்த ஒரு மில்லின் கான்கிரீட் களத்தில், நாலு மூலைக்கும் தார் டிரம் வைத்து, நான் சுற்றுவேன், சுற்றுவேன், சுற்றிக்கொண்டே இருப்பேன், அப்பா சப்தத்தைக் காது கொடுத்துக் கேட்பார், தாமு அண்ணன் நிழலில் உட்கார்ந்து கையுறையை மாட்டிக் கழற்றிக்கொண்டிருப்பான். எஞ்சின் பழகியதும் நான் இறங்க வேண்டும், அவன் ஏற வேண்டும். நான் ஏறுவதற்கு முன் அப்பா எப்போதும் குனிந்து பெடலுக்கடியில் கையை விட்டு எதையோ பார்ப்பார். என்னங்கப்பா என்று கேட்டதற்கு ஒருநாள், வண்டி உன்ற பேச்சைக் கேக்கோணுமல்ல, அதுக்குத்தான் என்றார். எனக்கு அது எவ்வளவு பிடித்திருந்தது. வண்டியிடம் என்னைப் பற்றிச் சொல்லிவைக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன், லூசு மாதிரி. மெதுவாக ஓட்டும்போது வளையத்தைப் போட்டிருந்தால் போட்டிருக்கட்டும், அதில் ஒரு நியாயம் இருக்கிறது, எஞ்சினுக்கும் நல்லது, பிள்ளைக்கும் நல்லது, அதற்காக நான் கோபப்பட மாட்டேன். ஆனால் சென்னையில் நடக்கப்போகும் சின்னப் பிள்ளைகள் போட்டிக்கு யார் போவது என்று எங்கள் இரண்டு பேருக்கும் டைம் எடுத்தாரே, அந்த ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கும் என் காலுக்கடியில் டக் என்றது. எல்லா மூலையிலும் டக் என்றது. நேர்ப் பாதையில் என் முழு உடம்பையும் காலில் இறக்கி மிதித்தேன், டக், அவ்வளவுதான் வண்டி, அவ்வளவுதான் நான். ஒரு சுற்றுக்குத் தாமுவுக்கு முப்பத்தொரு வினாடி. எனக்கு நாற்பத்திநாலு. அப்பாவின் சிநேகிதர்கள் மூன்று பேர் நின்றிருந்தார்கள், அவர்கள் முன்னால் அப்பா என் தலையைத் தடவி, அம்மிணிக்குக் கை நல்லாப் படிஞ்சிருக்குது, வேகந்தான் வரமாட்டேங்குது என்றார். எல்லோரும் சிரித்தார்கள், கெட்ட சிரிப்பில்லை, பிரியமாகத்தான் சிரித்தார்கள். திரும்பும்போது எனக்கு மட்டும் நன்னாரி சர்பத் வாங்கிக் கொடுத்தார். தாமு சென்னைக்குப் போய் ஏழாவதாக வந்தான், ஓடியதே எட்டு வண்டிதான்.

வேகந்தான் வரமாட்டேங்குது. எவ்வளவு வசதியான வாக்கியம் அது, எங்கே வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம். பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயத்துக்குப் பெயர் கொடுக்கச் சொன்னபோது, வேண்டாம் மிஸ். அவினாசி ரோட்டில் என் ஸ்கூட்டருக்குப் பின்னால் ஊரே ஹாரன் அடிக்கும், நான் இடது ஓரத்தில் முப்பதில் போவேன், சிக்னலில் பச்சை விழுந்த பிறகும் எல்லோரும் போகட்டும் என்று காத்திருப்பேன். எட்டு வருஷத்துக்கு முன்னால் டிசைன் பிரிவில் ஆள் வேண்டும் என்று மேனேஜர் என்னைத்தான் முதலில் கூப்பிட்டுக் கேட்டார், உங்களுக்கு உருப்படியைப் பார்த்தாலே குறை தெரியுது, வந்துருங்க என்றார். எனக்கு அந்தளவுக்கு ஸ்பீடு பத்தாதுங்க சார் என்று சொல்லிவிட்டு வந்தேன். வந்து டீ குடித்தேன். ஏதோ பெரிய அடக்கத்தோடு நடந்துகொண்டதாக ஒரு நிம்மதி. அந்த இடத்துக்கு என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒருவன் போனான், இப்போது அவன் வரைந்து அனுப்புவதற்கு நான் கேஜ் வைக்கிறேன். நாலு மாதம் முன்னால் அப்பா வீட்டு மாடியை இடிக்கும்போது இந்த வண்டி தண்ணீர்த் தொட்டிக்கடியிலிருந்து வந்தது, தாமுவுக்கு பெங்களூருக்குப் போன் செய்தால், அந்தத் தகர டப்பாவா, காயலான் கடைக்குப் போட்டுருங்க என்று சிரித்தான். வர்ணிதான் விடவில்லை. ஏம்மா, மாமா மட்டுந்தான் ஓட்டுனாரா, நீ ஓட்டலயா என்று கேட்டாள். ஓட்டினேன் கண்ணு, எனக்கு வேகம் வராது என்றேன். யோசிக்காமல், பெயர் என்ன என்று கேட்டால் கோகிலவாணி என்று சொல்வதைப் போலச் சொன்னேன். முப்பத்தாறு வருஷமாக என்னைப் பற்றி எனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரே விஷயம், அது ஒரு இரும்பு வளையம்.

இல்லை, வேறொன்றும் இருக்கிறது, அதை யோசிக்கக் கூடாது என்றுதான் சுற்றிச் சுற்றி வருகிறேன். டைம் எடுத்ததற்கு முந்தின நாள். சனிக்கிழமை. எஞ்சினைப் பழக்கி முடித்து நான் வந்து நின்றேன், அப்பா குனிந்து கையை விட்டார், இன்னும் ஒரே ஒரு சுத்து போயிட்டு வா என்றார். முதல் டிரம்மைத் தாண்டி மிதித்தேன், கால் போய்க்கொண்டே இருந்தது. படியிறங்கும்போது கடைசிப் படி இல்லாமல் கால் உள்ளே விழுமே, அப்படி. வண்டி என்னைப் பிய்த்துக்கொண்டு கிளம்பியது. கழுத்து பின்னால் போயிற்று, கண்ணில் தண்ணீர், ஸ்டியரிங் கையில் துடிக்கிறது, செத்தோம் என்று நினைத்தேன், ஆனால் காலை எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை. பயந்தவள் காலை எடுத்திருக்க வேண்டும் அல்லவா. மூன்றாவது டிரம்மில் பின்பக்கம் வழுக்கியது, நான் ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் கொஞ்சம் காட்டினேன், யாரும் சொல்லித்தராமல் கை தானாகச் செய்தது, வண்டி நேராயிற்று. வாய்விட்டுக் கத்தினேன் என்று நினைவு. வந்து நின்றதும் அப்பா முகம் ஒரு மாதிரி இருந்தது. தாமு எழுந்து நின்றிருந்தான், கையுறை கீழே கிடந்தது. வண்டி கட்டு மீறிப் போயிருச்சு, இனிமே அப்படி மிதிக்காதே என்றார் அப்பா. நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன், வண்டியை விட்டுவிட்டேன், பெரிய தப்புப் பண்ணிவிட்டேன் என்று. இன்றைக்கும் கனவில் அந்த வண்டி வரும், கால் உள்ளே விழும், வேர்த்து விழித்துக்கொள்வேன். பயக்கனவு என்றுதான் இத்தனை நாளும் அதற்குப் பெயர். இப்போது இந்தக் குழியில் விரலை வைத்துக்கொண்டு யோசிக்கிறேன், முந்தின நாள் டக் இல்லை, மறுநாள் டக் இருந்தது. மறந்திருப்பார். பட்டறை ஆள், வேலைக் குழப்பத்தில் மறந்திருப்பார். மறந்திருக்க வேண்டும். அப்பா ஒரு திருகை மறந்து நான் பார்த்ததே இல்லை.

போன் அடித்தது. அவரேதான். கையெல்லாம் கிரீஸ், புறங்கையால் தட்டி ஸ்பீக்கரில் போட்டேன். நாலு மணிதானே என்று கேட்டார், ஆட்டோவுக்குச் சொல்லட்டுமா என்றார், காத்து ஜாஸ்தி, பாப்பாவுக்குக் கண்ணாடி வெச்ச ஹெல்மெட்டாப் போடு என்றார், எழுபத்தெட்டு வயதுக்குக் குரல் இன்னும் கணீரென்று இருக்கிறது. எல்லாவற்றுக்கும் சரிங்கப்பா சரிங்கப்பா என்றேன். அப்புறம் அவர் ரொம்பச் சாதாரணமாக, பாலுக்குச் சர்க்கரை போட்டாயா என்று கேட்பது போலக் கேட்டார்.

"கம்பில காலர் போட்டுட்டயா அம்மிணி? உனக்குப் போட்டிருந்த எடத்துலயே போடு. குழி இருக்கும் பாரு. அதான் அளவு."

தகரம் அடித்துக்கொண்டிருந்தது. அவருக்கு அந்த இடம் ஞாபகம் இருக்கிறது, முப்பத்தாறு வருஷம் கழித்து, போனில், கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறார்.

"அண்ணனுக்கும் எனக்கும் டைம் எடுத்தீங்களே, அன்னைக்கு அதைக் கழட்டினீங்களா?" என்றேன்.

அந்தப் பக்கம் டிவியில் யாரோ சமையல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது நின்றது. எதுக்கு இப்ப அதெல்லாம் என்றார். கழட்டினீங்களா இல்லீங்களா என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"இல்ல," என்றார். "முந்தின நாள் கழட்டினேன். ஒரே ஒரு சுத்து. வாட்சைப் பாத்தேன். மறுபடி போட்டுட்டேன்."

"எத்தனை?"

"இருபத்தொம்பதரை."

யோசிக்கக்கூட இல்லை, மூச்சு எடுக்கிற நேரம்கூட ஆகவில்லை, நாக்கு நுனியிலேயே வைத்திருந்திருக்கிறார். தாமு பதினாலு வயசுப் பையன் அம்மிணி, தங்கச்சிகிட்டத் தோத்துட்டு நாலு பேர்ல எப்படி நிப்பான், நீ பொம்பளப்புள்ள, உனக்கு எதுக்கு அது, உன்னைப் படிக்க வெச்சேன், நல்ல எடத்துல கட்டிக் குடுத்தேன், உனக்கு என்ன கொறை வெச்சேன் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். எல்லாம் உண்மை. படிக்க வைத்தார், கட்டிக் கொடுத்தார், பிரசவத்தில் ஒரு வாரம் ஆஸ்பத்திரி பெஞ்சில் படுத்திருந்தார். அதுதான் கஷ்டம், கெட்ட மனுஷனாக இருந்திருந்தால் போனை வைத்துவிட்டு ஒரு மூச்சு அழுதுவிட்டுப் போயிருப்பேன். மூன்று பேர் முன்னால் என் தலையைத் தடவினாரே, அப்போது அவர் பாக்கெட்டில் இருபத்தொம்பதரை இருந்தது. சர்பத் டம்ளரை என் கையில் கொடுத்தபோது இருந்தது. ஒவ்வொரு தடவையும் நான் மெதுவாக ஸ்கூட்டர் ஓட்டுவதைக் கேலி பண்ணுவாரே, நம்ம அம்மிணி வர்றதுக்குள்ள சோறு ஆறிப்போயிரும் என்று, அப்போதும் இருந்தது. தாமுவுக்கும் அது தெரியாது, பாவம், அவன் அந்த முப்பத்தொன்றை இன்னும் ஜெயித்த கணக்கில்தான் வைத்திருக்கிறான். நூறு வார்த்தை வந்தது, எதுவும் போதாது, எல்லாவற்றிலும் முடிவில் ஒரு "ங்க" ஒட்டிக்கொண்டிருக்கும்.

"வரும்போது அந்த வாட்சை எடுத்துட்டு வாங்க," என்றேன்.

"அது நின்னு போயி ரொம்ப நாளாச்சு அம்மிணி."

"என்ற போன்லயே இருக்குதுங்க. நீங்க வந்து அமுத்துனாப் போதும்," என்று வைத்துவிட்டேன். அவர் மேல் இருந்த கோபம் அப்படியே இருக்க, இன்னொன்று கீழேயிருந்து ஏறி வந்தது. அவராவது வாட்சைப் பார்த்துவிட்டுப் போட்டார். நான் என் பிள்ளையை ஒரு சுற்றுகூட ஓட்டிப் பார்க்கவில்லை, அவள் வேகமா மந்தமா எதுவும் தெரியாது, அதற்குள் வளையத்தைக் கடைந்து, ஓரம் மழித்து, மினுக்கி வைத்திருக்கிறேன். பெடலுக்கடியில், அவள் கண்ணுக்குத் தெரியாத இடத்தில். அவளிடம் சொல்லவேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. பத்திரம் என்று ஒரு நல்ல வார்த்தை இருக்கிறது, அதை முன்னால் நிறுத்திவிட்டால் பின்னால் என்ன வேண்டுமானாலும் இறுக்கலாம்.

வர்ணி ஹெல்மெட்டோடு வந்து நின்றாள். காலையிலிருந்து கழற்றவில்லை, இட்லி சாப்பிட மட்டும் கழற்றினாள். ரெடியாம்மா, அப்புச்சி வர்றாங்களா என்று தாத்தாவையும் விசாரித்துக்கொண்டே சீட்டுக்குள் சறுக்கி உட்கார்ந்தாள், நான் ஒன்றும் சொல்வதற்குள் பெடலை மிதித்தாள். டக். இன்னொரு தடவை மிதித்தாள். ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இவ்வளவுதானாம்மா?"

நான் பதினொரு வயதில் கேட்காத கேள்வி. ஆமாம் கண்ணு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் நம்பிவிடுவாள், அவள் பாதத்தில் அது போய் உட்கார்ந்துகொள்ளும், நாற்பத்தேழு வயதுவரை இருக்கும். இல்லை என்றேன். பாதிதான், நான்தான் தடுத்து வைத்திருக்கிறேன் என்றேன். இறங்கச் சொல்லி, குனிய வைத்து, வளையத்தைக் காட்டினேன், அது எங்கே முட்டுகிறது என்று காட்டினேன், குழியையும் காட்டினேன். எதுக்கு என்றாள், முறைப்பாக. எனக்குப் பயமா இருந்துச்சு என்றேன். எனக்கு இல்லியே என்றாள். சரிதான். முதல் முக்கால் மணி நேரம் எஞ்சினைப் பழக்க வேண்டும், அதை நான் ஓட்டிக்கொள்கிறேன், அப்புறம் நீ இந்த வளையத்தோடு பத்துச் சுற்றுப் போ, எப்போது போதும் என்று தோன்றுகிறதோ அப்போது நீயே கழற்று என்று சொல்லி, திருகு கழற்றுகிற ஆலன் கீயை அவள் உள்ளங்கையில் வைத்தேன். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நீ ஓட்டறப்போ இது எதுக்கு?" என்று சொல்லிவிட்டு, குப்புறப் படுத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு திருகைத் தளர்த்த ஆரம்பித்தாள். முதலில் தப்பான பக்கம் திருப்பினாள், நான் வாயைத் திறக்கவில்லை, அவளே மாற்றித் திருப்பினாள். வளையம் கம்பியில் சறுக்கிக்கொண்டு பின்னால் போயிற்று. உக்காரும்மா, சரியா இருக்குதான்னு பாரு என்றாள். பதினாலு வயதுப் பையன் அளவுக்குச் செய்த சீட், இடுப்பு உள்ளே போவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது, வர்ணி சிரித்தாள், முட்டி இரண்டும் ஸ்டியரிங்குக்கு மேல் வந்து நின்றது. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வலது காலைப் பெடலில் வைத்தேன். எஞ்சின் ஓடவில்லை, வண்டி ஸ்டாண்டில் நிற்கிறது, கொட்டகை, பட்டப்பகல், என் பிள்ளை பக்கத்தில் நிற்கிறாள், ஆனாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். மிதித்தேன். வழக்கமான இடத்தில் பாதம் தானாக நின்றது, டக் வருமென்று காத்திருந்தது. வரவில்லை. இன்னும் மிதிம்மா என்றாள் வர்ணி. மிதித்தேன், கால் போய்க்கொண்டே இருந்தது.